அப்பா போன பிறகு அம்மாவை நம்மோடு சென்னைக்கு அழைத்து வந்துவிடலாமா?

அப்பா இறந்து இரண்டு மாதம், அம்மா ஊரில் தனியாக இருக்கிறார், யாரோடும் சரியாகப் பேசுவதில்லை, கூட்டி வந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு லீவும் முடிந்திருக்கும், சொந்தக்காரர்களும் ஆளுக்கொன்று சொல்லியிருப்பார்கள். என்னைக் கேட்டால், அவசரப்படாதீர்கள். நான் அவசரப்பட்டவன்.

எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம் கல்லிடைக்குறிச்சி. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் வயல். காலையில் பேப்பர் வந்ததும் அப்பா முதலில் பார்ப்பது அணை நீர்மட்டம்தான். திண்ணையில் இருந்தபடியே, அடுப்படிக்குக் கேட்கிற மாதிரி வாசிப்பார்: "பாபநாசம் 96, சேர்வலாறு 110, மணிமுத்தாறு 84." அம்மா அதற்கு ஒரு நாளும் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. தேங்காய் துருவுகிற சத்தம்தான் வரும்.

அப்பா தவறியது போன வருஷம் ஆனியில். 16-ஆம் நாள் காரியம் முடிந்த நாலாவது நாளே அம்மாவை ரயிலேற்றிவிட்டேன். "ஏல, ஆடி அமாவாசையாவது கழியட்டும்" என்று அத்தை எவ்வளவோ சொன்னாள். கேட்கவில்லை.

சென்னையில் நாலாவது மாடி. என் மனைவி அடுப்படிப் பக்கமே விடவில்லை. பாசத்தில்தான், அவளைக் குறை சொல்லவில்லை. அம்மா பால்கனியில் உட்கார்ந்தே இருந்தாள். ஒரு நாள் ஆபீஸுக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருக்கும்போது, "ஏல, பாபநாசம் இப்ப எத்தனை அடி இருக்கும்?" என்றாள். "இங்க இருந்துக்கிட்டு அதத் தெரிஞ்சு என்னம்மா செய்யப்போற?" என்றேன்.

அவ்வளவுதான். அப்புறம் அவள் எதுவுமே கேட்கவில்லை. சாயங்காலம் இதை அக்காவிடம் போனில் சிரித்துக்கொண்டே சொன்னேன். அந்தப் பக்கம் அவள் அழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

திரும்பக் கூட்டிப்போக டிக்கெட் கிடைக்கவில்லை. முன்பதிவை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்தார்களே, யாருக்கு என்ன லாபம்? பண்டிகை சமயத்தில் காலை 8 மணிக்குத் திறந்தால் கண்மூடித் திறப்பதற்குள் வெயிட்டிங் லிஸ்ட். தென்கோடிக்காரனுக்கு நல்லதுக்கும் தட்கல், கெட்டதுக்கும் தட்கல். சரி, அது வேறு கதை. எப்படியோ அம்மாவை ஊரிலேயே கொண்டுபோய் விட்டேன்.

"பெத்தவளைத் தனியா விட்டுட்டான்" என்று எழுத இங்கேயே நாலு பேர் வருவார்கள். அத்தை அடுத்த தெருவில்தான் இருக்கிறாள், நான் மாதம் ஒரு தடவை போய்வருகிறேன். எல்லா அம்மாவுக்கும் இதுதான் சரி என்றும் சொல்லவில்லை. உங்கள் அம்மா சாப்பிடாமல் தூங்காமல் கிடந்தால் ஊர்ப்பாசம் பேசிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். டெலி மானஸ் என்று அரசின் இலவச உதவி எண் இருக்கிறது, 14416. நாங்களும் ஒரு தடவை அதில் பேசினோம்.

ஊருக்குப் போனதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. அப்பாவின் கோரைப்பாய் இன்னும் விரித்தபடியே கிடக்கிறது, யாரையும் மிதிக்க விடுவதில்லை. ஆனால் வயலை வாரத்துக்கு எடுத்தவரோடு மடை திறப்பதைப் பற்றிச் சண்டை போடுகிறாள்.

நான் தினமும் பஸ்ஸில் போகும்போது போனில் அணை நிலவரத்தை வாசிக்கிறேன். "ம்" என்பாள். போன வாரம் அவசரத்தில் வரி மாறி, "பாபநாசம் 147" என்று வாசித்துவிட்டேன்.

"ஏல, பாபநாசம் மொத்தமே 143 அடிதான. நீ சேர்வலாற வாசிக்கிற."