வண்டிக்குள் வரும் வேண்டாத சத்தங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கார் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. காலையில் எடுத்தால் சத்தமே இல்லை. மதியம் வெயிலில் நிறுத்திவிட்டுக் கிளம்பினால் டேஷ்போர்டின் ஓரத்தில் 'கிறீச், கிறீச்' என்கிறது. சர்வீஸில் விட்டால் "சத்தம் வரலையே சார்" என்று திருப்பித் தருகிறார்கள். (வாசகர், வேலூர்)

பதில்: காலையில் கொண்டுபோய் விட்டால் வராதுதான். வெயிலில் இரண்டு மணி நேரம் நின்ற வண்டியை அப்படியே ஓட்டிப் போய், மெக்கானிக்கைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்துக் காட்டுங்கள். ஏ.சி.யையும் பாட்டையும் நிறுத்திவிட்டு, 15–20 கி.மீ. வேகத்தில் கரடுமுரடான தெருவில் ஓட்டினால் போதும்.

டேஷ்போர்டு பிளாஸ்டிக், அதைத் தாங்கும் குறுக்குக் குழாய் பெரும்பாலும் எஃகு. 1.4 மீட்டர் நீளமுள்ள டேஷ்போர்டு 25 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்குச் சூடானால், டால்க் தூள் கலந்த பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் சுமார் 4 மி.மீ. நீளும். அதே நீள எஃகு 1 மி.மீ. கூட நீளாது. இந்த 3 மி.மீ. வித்தியாசம் எங்காவது போய்த்தானே ஆகவேண்டும்? அதற்காகத்தான் ஒரு திருகுக்கு மட்டும் வட்டத் துளையும் மற்றவற்றுக்கு நீள் துளையும் வைப்பார்கள். பழுது பார்க்கும்போது நீள் துளைத் திருகுகளை முறுக்கித் தள்ளிவிட்டால் பிளாஸ்டிக் நகர வழியில்லாமல் வளைந்து, முன்கண்ணாடித் தூணின் உறையில் உரசும்.

சத்தம் வரும்போது அந்தச் சந்திப்பை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். நின்றால் இடம் அதுதான். உரசும் விளிம்பில் மெல்லிய ஃபெல்ட் டேப் ஒட்டச் சொல்லுங்கள். ஆனால் தூண் உறைக்குள் ஃபோமோ துணியோ திணிக்க விடாதீர்கள். பக்கவாட்டுத் திரை ஏர்பேக் உள்ள வண்டிகளில் அது விரியும் வழி அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: இதையெல்லாம் வரைபடத்திலேயே தடுக்க முடியாதா? (இயந்திரவியல் மாணவி, கோவை)

பதில்: பெரும்பகுதி முடியும். முடியாமல் போவது பெரும்பாலும் அவசரத்தால்.

முதலில் சத்தத்தை இரண்டாகப் பிரியுங்கள். 'கடகட' என்பது இடைவெளி உள்ள இரண்டு பாகங்கள் மோதுவது. 'கிறீச்' என்பது ஒட்டியிருக்கும் இரண்டு பரப்புகள் பிடித்துப் பிடித்து வழுக்குவது. வயலின் கம்பியில் வில் செய்வதும் இதே வேலைதான். நிலை உராய்வு இயக்க உராய்வைவிட எவ்வளவு அதிகமோ, அவ்வளவு மோசம்.

கடகடப்புக்குக் கணக்கு எளிது. இரண்டு பாகங்களுக்கு நடுவே 1 மி.மீ. இடைவெளி வரைந்திருக்கிறீர்கள். தயாரிப்பிலும் பொருத்துவதிலும் 0.7 மி.மீ. பிசகலாம். ரோட்டின் அதிர்வில் ஒன்றுக்கொன்று 0.5 மி.மீ. அசைகிறது என்று கணினியில் ஓட்டிய கணக்கு சொல்கிறது. 1 – 0.7 – 0.5 = மைனஸ் 0.2. மோதும். எல்லா வண்டியிலும் அல்ல, பிசகு ஒரே பக்கம் சேர்ந்த சில வண்டிகளில் மட்டும். அதனால்தான் மாதிரி வண்டியில் சிக்காமல் வாடிக்கையாளரிடம் போய்ச் சிக்குகிறது.

வழி இரண்டுதான். தாராளமாக விலக்கு, இல்லையென்றால் அழுத்திப் பிடி. 'தொட்டும் தொடாமலும்' என்று வரைந்தால் பிரச்சினையை நீங்களே வரைகிறீர்கள். விலக்க இடமில்லாத இடத்தில் விலா எலும்பு போன்ற சிறு மேடு ஒன்றை வைத்து, பொருத்தும்போதே லேசாக அழுந்தும்படி செய்யுங்கள். கிளிப்புகளுக்கு நடுவே தூரம் அதிகமானாலும் பாகம் தளதளக்கும். கிளிப்பின் எண்ணிக்கையில் மிச்சம் பிடிப்பதை நான் சிக்கனம் என்று சொல்லமாட்டேன்.

அழுத்திப் பிடித்தால் கிறீச் வரும் அபாயம் உண்டு. அங்கே பொருள் ஜோடி முக்கியம். ஏ.பி.எஸ்., பி.சி./ஏ.பி.எஸ். போன்ற பிளாஸ்டிக்குகள் தம்மோடு தாமே உரசினாலும், பி.வி.சி. செயற்கைத் தோலோடு உரசினாலும் கத்தக்கூடியவை. எந்த ஜோடி கத்தும் என்பதை ஜெர்மன் வாகனத் தொழில் சங்கத்தின் வி.டி.ஏ. 230-206 முறைப்படி சோதிக்கலாம். மாதிரித் துண்டு ஒன்றின் மேல் இன்னொன்றைக் குறிப்பிட்ட அழுத்தத்திலும் வேகத்திலும் தேய்த்து, 1 முதல் 10 வரை மதிப்பெண் தருவார்கள். 3 வரை கவலையில்லை. 6 அல்லது அதற்கு மேல் வந்தால் ஜோடியை மாற்றுங்கள். மாற்ற முடியாவிட்டால் ஃபெல்ட், பூச்சு, அல்லது கத்தாத ரக ஏ.பி.எஸ். உண்டு. புதுத் துண்டோடு நிறுத்தாமல், சூட்டிலும் ஈரத்திலும் முதுமையாக்கிய துண்டையும் தேய்த்துப் பாருங்கள்.

கேள்வி: நாங்கள் கதவின் உள் பலகை செய்து தருகிறோம். எங்கள் அதிர்வு மேசையில் (பாகத்தைக் குலுக்கிச் சோதிக்கும் கருவி) பாஸான பலகை, வண்டியில் கடகடக்கிறது என்று திரும்பி வருகிறது. (தர ஆய்வாளர், ஓசூர்)

பதில்: முதலில் உங்கள் ஃபிக்ஸ்சரை, அதாவது பலகையை மேசையில் பிடித்துவைக்கும் அமைப்பைப் பாருங்கள். தடித்த இரும்புத் தகட்டில் துளை போட்டுப் பலகையை மாட்டினால், கிளிப்பு நிஜக் கதவில் பிடிப்பதைவிட அதில் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். நிஜக் கதவின் உள் தகட்டையே வெட்டி, கெட்டியான சட்டத்தில் பொருத்துங்கள். சட்டம் தானாக அதிரும் சொந்த அதிர்வெண், சோதனையில் கொடுக்கும் அதிர்வெண்களின் மேல் எல்லையைத் தாண்டி இருக்கவேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் சோதிப்பது சட்டத்தை.

அடுத்தது வெப்பம். அறை வெப்பத்தில் மட்டும் ஓட்டினால் பாதிதான் தெரியும். குளிரில் பிளாஸ்டிக் விறைத்து இடைவெளி மாறும், சூட்டில் கிளிப்பின் பிடி தளரும். மேசையின் குளிர்விப்பு விசிறி இரைச்சலில் மெல்லிய சத்தம் மூழ்கிப்போவதும் உண்டு. ரோட்டிலிருந்து வரும் அதிர்வின் வலிமை பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே; ஆனால் காதுக்கு எட்டும் கடகடப்பு பல நூறு ஹெர்ட்ஸில். டெசிபலை மட்டும் எழுதி வைக்காமல் ஐ.எஸ்.ஓ. 532-1 என்ற சர்வதேசத் தர முறையில், உணரும் சத்த அளவின் அலகான 'சோன்' கணக்கிலும் எழுதுங்கள், காது உணர்வதற்கு அது நெருக்கம்.

கதவில் ஸ்பீக்கர் இருக்கிறதே, அதை மறந்துவிட வேண்டாம். 20-லிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒற்றை ஸ்வரத்தைச் சத்தமாக ஓட்டுங்கள். தளர்ந்த ஒயர் கட்டு, பூட்டுக் கம்பி, பலகையின் பின்னால் உள்ள தண்ணீர்த் தடுப்புத் தாள் எல்லாம் அவரவர் அதிர்வெண்ணில் பேசும். கம்பிக்கு ஃபோம் சுற்றினால் பாதி கனமாவது அழுந்தும்படி சுற்றவேண்டும். தொளதொளவென்று சுற்றினால் ஒரு கோடை தாண்டாது.

கேள்வி: மின்சாரக் காரில் சத்தமே இருக்காது என்றார்கள். எனக்கு எல்லாமே கேட்கிறது! (வாசகர், மதுரை)

பதில்: எஞ்சின் மறைத்து வைத்திருந்தது இப்போது கேட்கிறது, அவ்வளவே. நம்பர் பிளேட், சீட் பெல்ட் கொக்கி, சார்ஜர் கேபிள், டிக்கியில் உருளும் ஜாக்கி: முதலில் இவற்றைப் பாருங்கள்.

கேள்வி: வேகத்தடை ஏறும்போது கதவு ரப்பர் முனகுகிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: வேண்டாம், புழுதியைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோலிய எண்ணெய், சாதாரண கிரீஸ் இரண்டும் கதவு ரப்பரை உப்பவைத்துக் கெடுக்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் ரப்பரையும் அது பதியும் பெயின்ட்டையும் துடைத்துக் காயவிட்டு, சிலிக்கோன் கிரீஸை விரல்நுனியில் எடுத்து மெல்லியதாகத் தேயுங்கள். பிறகும் முனகினால் குற்றவாளி ரப்பர் அல்ல. கதவுப் பூட்டு கவ்வும் இரும்பு வளையத்தைத் துடைத்து அதில் ஒரு பொட்டு கிரீஸ் வையுங்கள்.