செயின்ட் கில்டாவில் கடற்பறவைகளைப் பார்க்கப் படகுப் பயணம் எப்போது போகலாம்? தீவில் இறங்க முடியாமல் போனால் பயணம் வீணா?

மே கடைசியிலிருந்து ஜூலை நடுவரை போங்கள். ஸ்காட்லாந்தின் மேற்கே, நார்த் யூயிஸ்ட் தீவிலிருந்து சுமார் 64 கிலோமீட்டர் தள்ளி, அட்லாண்டிக்கில் இருக்கும் தீவுக்கூட்டம் இது. பஃபின்கள் என்ற வண்ண அலகுள்ள சிறு கடற்பறவைகள் நிலத்துக்கு வருவதே முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கத்தான். ஆகஸ்ட் பிறந்ததும் பெரும்பாலானவை கடலுக்குப் போய்விடும். கானெட்கள் என்ற பெரிய வெள்ளைக் கடற்பறவைகள் அதற்குப் பிறகும் சில வாரங்கள் இருக்கும்.

இறங்க முடியாவிட்டாலும் வீணில்லை. இங்குள்ள ஹிர்ட்டா தீவில் இறங்கினால், 1930 ஆகஸ்ட் 29 அன்று கடைசி 36 பேரும் காலிசெய்துபோன ஊரைப் பார்க்கலாம். அதைத் தவறவிட்டால் வருத்தம்தான். ஆனால் பறவைகளுக்கு முக்கியமான இடம் போரரே தீவும் அதையொட்டிய பாறைகளுமே. அந்தப் பாறைகளில் ஒன்றான ஸ்டாக் அன் ஆர்மின் 196 மீட்டர் செங்குத்தாக நிற்கும். அங்கே இறங்கும் பேச்சே இல்லை, எல்லாரும் படகிலிருந்தே பார்க்கிறார்கள். தூரத்தில் வெள்ளை பூசியதுபோல் தெரிவது, கிட்டே போனால் கானெட்களும் அவற்றின் எச்சமும். இறக்கை விரித்தால் ஏறக்குறைய 1.8 மீட்டர் வரும். மீனைக் கண்டதும் இறக்கையைப் பின்னால் மடித்துத் தலைகீழாகப் பாயும். அந்த அடியைத் தாங்க முகத்திலும் மார்பிலும் தோலுக்கடியில் காற்றுப்பைகள் உண்டு. வெளியே திறந்த நாசித்துளையே கிடையாது. எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி.

அப்புறம், காற்றடித்தால் பயணம் ரத்தாகும். கையில் ஓரிரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். குமட்டல் மாத்திரை போடுவதானால் படகு கிளம்பும் முன்பே போட்டுவிடுங்கள்.