தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றத்தின் அரசியலமைப்புத் திருத்தத்தை நீதிமன்றம் ரத்து செய்வது ஜனநாயகமா?

மக்கள் வாக்களித்து அனுப்பியவர்கள் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையோடு நிறைவேற்றிய திருத்தத்தை, யாரும் தேர்ந்தெடுக்காத நீதிபதிகள் செல்லாது என்று சொல்லலாமா என்பது எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வியல்ல. 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில், அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் திருத்தத்தால் மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, 13 நீதிபதிகளே 7-க்கு 6 எனப் பிரிந்து நின்றார்கள்.

ஆயினும் சொல்லலாம் என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன். அதற்குக் காரணம் 1975 ஆகஸ்ட் மாதத்தின் நான்கு நாள்கள். இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றியை அலகாபாத் உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு 11-ஆம் தேதி விசாரணைக்கு வரவிருந்தது. நெருக்கடி நிலையில் எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருக்க, 7-ஆம் தேதி மக்களவை, 8-இல் மாநிலங்களவை, 9-இல் மாநிலச் சட்டமன்றங்கள், 10-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் என 39-ஆவது திருத்தம் நிறைவேறிவிட்டது. பிரதமரின் தேர்தலை நீதிமன்றங்கள் விசாரிக்கவே முடியாது என்றது அது. வாக்கு எண்ணிக்கையில் எந்தக் குறையும் இல்லை! நவம்பரில் உச்ச நீதிமன்றம், அடிப்படைக் கட்டமைப்புக்கு எதிரானது என்று அந்தப் பிரிவைச் செல்லாததாக்கியது. அவரது வெற்றியை வேறு காரணங்களால் உறுதிசெய்தது.

நீதிபதிகள் தவறாதவர்கள் என்று நான் வாதிடவில்லை. நெருக்கடி நிலையில் கைதானவர்கள் தங்கள் காவலை எதிர்த்து ஆட்கொணர்வு மனு போட முடியாது என்று 1976-இல் தீர்ப்பளித்ததும் இதே நீதிமன்றம்தான். உயிர் வாழும் உரிமையை எந்நிலையிலும் முடக்க முடியாதபடி காத்தது, 1978-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 44-ஆவது திருத்தம்.