துபாயில் இருக்கும் அப்பா

அன்புள்ள ஆசிரியருக்கு,

கணவரை விட்டுப் பிரிந்து ஆத்தூரில் அண்ணன் வீட்டில் இருக்கிறேன். மகள் ஆறாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. எங்களை யாருக்கும் தெரியாத இடத்தில் புதிதாகத் தொடங்க விரும்பி, ஏற்காட்டில் வீடு தேடுகிறேன். கேட்பவர்களிடம் கணவர் துபாயில் இருப்பதாகச் சொல்கிறேன். பிள்ளைகளையும் அப்படியே சொல்லப் பழக்கியிருக்கிறேன். பழைய பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் தராமல் இழுத்தடிக்கிறார்கள். ஏற்காடு எங்களுக்குச் சரிவருமா?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள சகோதரிக்கு,

சான்றிதழுக்காகக் காத்திருக்க வேண்டாம். அது வரத் தாமதமாகிறது என்பதற்காக, எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்கவும் கூடாது, தள்ளிப்போடவும் கூடாது என்கிறது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு. தலைமையாசிரியர் தயங்கினால் பிரிவின் எண்ணைச் சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருங்கள்.

ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிப்பது சில மாத வேலை. விடுதி வேலையோ கோடைக் கூட்டத்தை நம்பியது. இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிவிட்டால் யாருக்கும் தெரியாமல் வாழலாம் என்று எண்ணுகிறீர்கள். அவ்வளவு சின்ன ஊரில் உங்கள் வீட்டில் எத்தனை தட்டு கழுவுகிறீர்கள் என்பதுகூட மூன்றாம் நாளே தெரிந்துவிடும்.

எனக்குக் கோபம் வந்தது துபாயைப் படித்தபோதுதான். வீட்டுக்காரரிடம் நீங்கள் சொல்லும் பொய் உங்கள் பாடு. ஆனால், உன் அப்பா என்ன வாங்கி அனுப்பினார் என்று வகுப்பில் ஒருத்தி கேட்டால், உங்கள் மகள் ஒரு சாக்லேட் டப்பாவைக் கற்பனை செய்து, அதை மறக்காமல் நினைவில் வைத்து, தம்பி வேறு ஏதாவது உளறிவிடாமல் அவனையும் காவல் காக்க வேண்டும். பதினொரு வயதுப் பெண்ணுக்கு இந்த வேலையைக் கொடுக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் என் அம்மாயி வீட்டுப் பின்கட்டுக்கு, இரண்டு பையன்களோடு ஒரு பெண் குடிவந்தார். “அவரோடு நான் இல்லைங்க, பிள்ளைங்க என்னோட” என்று முதல் நாளே சொன்னார். வாடகை தேதி தப்பக் கூடாது என்பதைத் தவிர அம்மாயி எதுவும் கேட்கவில்லை. ஆனால் பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். பெருந்தன்மை எல்லாம் அந்த வீட்டில் அவ்வளவுதான். ஒரு மாதம் பேசினார்கள். பிறகு எதிர்வீட்டுப் பெண் யாரோடோ போய்விட்டாள், பேச்சு அங்கே நகர்ந்தது. அந்த அம்மாள் கொலுசுப் பட்டறையிலிருந்து வேலை வாங்கி வந்து வீட்டிலேயே செய்தார். வெள்ளியை எடை போட்டுக் கொடுத்து எடை போட்டே திரும்ப வாங்குவார்கள், குறைந்தால் கூலியில் பிடிப்பார்கள் என்பதால், சாயங்காலம் பையன்கள் தரையில் குப்புறப் படுத்து, சிதறிய வளையங்களை எச்சில் விரலால் ஒற்றி எடுப்பார்கள். அப்பா குடித்துவிட்டு விழுந்த கதையை எங்களிடம் நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். ஒளிக்க எதுவும் இல்லாததால் அவர்களுக்கு விளையாட நேரம் இருந்தது.

ஆகவே வேலை கிடைக்கும் சேலத்திலேயே வீடு பாருங்கள். பத்து வீட்டுக்காரர்களில் ஏழு பேர் மறுக்கலாம். மறுக்கட்டும், மீதி மூன்று பேரிடம் முன்பணத்தைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுங்கள். அதற்கு முன் இன்றிரவே பிள்ளைகளிடம், இனி அப்பாவைப் பற்றி யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்லலாம், சொல்லப் பிடிக்காவிட்டால் சும்மாவும் இருக்கலாம் என்று சொல்லிவிடுங்கள்.