கெத்செமனேயில் இயேசு யாரிடம் ஜெபித்தார்?

"இயேசு கடவுள் என்றால், கெத்செமனே தோட்டத்தில் அவர் யாரிடம் ஜெபித்தார்? தன்னிடமேவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கிறிஸ்தவனாக நானும் வெகுநாள் யோசித்த விஷயம் இது.

யாரிடம் என்பதற்குப் பதில் சுலபம். பிதாவிடம். பிதாவும் குமாரனும் ஒரே கடவுள், ஆனால் ஒரே ஆள் அல்ல என்பதுதான் எங்கள் விசுவாசம். ஆகவே மகன் தந்தையோடு பேசுவதில் முரண் ஏதும் இல்லை. சிக்கல் எல்லாம், சிலுவைச் சாவுக்கு முந்திய அந்த இரவில், இந்தச் சாவு நீங்கட்டும் என்று கேட்டுவிட்டு அவர் சொன்ன வார்த்தையில்தான்: "என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" (லூக்கா 22:42). இருவரும் ஒரே கடவுள் என்றால் சித்தமும், அதாவது விருப்பமும், ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? அப்புறம் இந்த "என்னுடைய சித்தம்" எது?

7ஆம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசே இந்தக் கேள்வியில் அல்லாடியது. கிறிஸ்து ஒருவரே, அவர் முழுக் கடவுள், முழு மனிதர், அந்த இரண்டு இயல்புகளும் கலப்பதும் இல்லை, பிரிவதும் இல்லை என்று 451இல் கால்செதோன் நகரில் கூடிய சங்கம் (திருச்சபை ஆயர்களின் பொது மாநாடு) அறிக்கையிட்டிருந்தது. எகிப்து, சிரியா, அர்மீனியா பக்கத்துக் கிறிஸ்தவர்களில் பெரும்பகுதியினர் இதை ஏற்கவில்லை. (அவர்கள் இயேசுவின் மனிதத்தை மறுத்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு இயல்பு என்று பேசினால் கிறிஸ்துவையே இரண்டாகப் பிளந்துவிடுவோம் என்று பயந்தார்கள்.) பிளவைச் சரிசெய்ய நினைத்த ஹெராக்ளியஸ் பேரரசர், இயல்பு இரண்டானாலும் கிறிஸ்துவுக்குச் சித்தம் ஒன்றே என்று 638இல் ஓர் ஆணை வெளியிட்டார். கேட்க நல்ல சமரசம்தான். ஆனால் மனிதச் சித்தமே இல்லாதவர் எப்படி முழு மனிதர் ஆவார்?

மாக்சிமஸ் என்ற துறவி இதை விடவே இல்லை. சாவைக் கண்டு ஒதுங்குவது பாவம் அல்ல, உயிருள்ள மனிதனின் இயல்பு; அந்த மனிதச் சித்தம் இயேசுவுக்கு நிஜமாகவே இருந்தது, அதைக் கொண்டுதான் அவர் பிதாவுக்குக் கீழ்ப்படிந்தார் என்றார். இதற்காகவே 662இல், எண்பது வயதைத் தாண்டியிருந்த அவருடைய நாக்கையும் வலது கையையும் வெட்டி, இன்றைய ஜார்ஜியா பகுதிக்கு நாடுகடத்தினார்கள். அதே ஆண்டு அங்கேயே இறந்தார். 680-81இல் கான்ஸ்டான்டினோப்பிளில் கூடிய சங்கம் அவர் நிலைப்பாட்டையே சரி என்று ஏற்றது.

இதைப் பழைய வாக்குவாதம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. மனித இயல்பில் கிறிஸ்து எதைத் தம்மேல் ஏற்கவில்லையோ அது குணமாகவில்லை என்று 4ஆம் நூற்றாண்டில் ஆயர் நசியான்சு கிரகோரி எழுதினார். அம்மாவின் அறுவைச் சிகிச்சை நேரத்தில், "விசுவாசி பயப்படலாமா?" என்று சிலர் என்னிடம் கேட்டார்கள். பயப்படலாம். இயேசுவே வியாகுலப்பட்டார், "இது வேண்டாம்" என்று பிதாவிடம் வாய்விட்டுக் கேட்டார். அது நடிப்பாக இருந்திருந்தால் எனக்கு அவரிடம் போக வழியே இருந்திருக்காது.

கடைசி நாள் எப்போது என்பது குமாரனுக்கும் தெரியாது என்று மாற்கு 13:32இல் வருகிறதே, அதையும் நான் இப்படித்தான் வாசிக்கிறேன். மனித அறிவின் எல்லையையும் சேர்த்தேதான் அவர் மனிதரானார்.