பர்மீஸா, ரெட்டிக்கா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வயது 26, ஐ.டி. வேலை, சொந்த வீடு, மாடியில் ஒரு அறை காலி. யூடியூபில் பார்த்துப் பார்த்துப் பெரிய மலைப்பாம்பு ஒன்று வளர்க்கும் ஆசை வந்துவிட்டது. பர்மீஸ் பைத்தான் சாது என்கிறார்கள், ரெட்டிகுலேட்டட் பைத்தான்தான் அழகு என்கிறார்கள். பண்ணையில் பிறந்த குட்டி என்றால் தப்பில்லையே? எதை வாங்கலாம்?
– புதுச்சேரி லாசுப்பேட்டை வாசகர்

பதில்: இரண்டையுமே வாங்க முடியாது தம்பி. பர்மீஸ் நம் வடகிழக்கு மாநிலங்களில் இருக்கிறது, ரெட்டிக் நிக்கோபார் தீவுகளில் இருக்கிறது. அதனால் நம் ஊர் மலைப்பாம்போடு சேர்ந்து மூன்றுமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கிற அதே பட்டியலில் இருக்கின்றன. மாட்டினால் குறைந்தது 3 வருடம், போனால் 7 வருடம் சிறை, அபராதம் தனி. 'பண்ணைக் குட்டி சார், பேப்பர் இருக்கு' என்று விற்கிறவன் சொல்வான், வழக்கு வரும்போது அவன் போன் சுவிட்ச் ஆஃபில் இருக்கும். மத்தியச் சட்டம் என்பதால் சரக்கு விலை மாதிரி இதில் பாண்டிக்குத் தனிச் சலுகையும் கிடையாது.

சரி, சட்டத்தை ஒரு நிமிடம் மறந்துவிட்டு உங்கள் கேள்விக்கே வருகிறேன். பர்மீஸ் சாது என்பது பொய்யில்லை, ஆனால் அது கனம். ஃப்ளோரிடாவில் பிடித்த ஒரு பெண் பாம்பு 98 கிலோ இருந்தது என்று 2022ல் அறிவித்தார்கள். ரெட்டிக் உலகத்திலேயே நீளமான பாம்பு, உடம்பு கொஞ்சம் ஒல்லி, ஆனால் சுறுசுறுப்பு ஜாஸ்தி, எப்போதும் உஷாராக இருக்கும். அமெரிக்காவில் ஒருவர் பராமரிப்பில் இருந்த ரெட்டிக்கை 2011ல் அளந்தபோது 7.67 மீட்டர், அதாவது 25 அடி, உங்கள் மாடி அறையின் நீளத்தைவிட அதிகமாகத்தான் இருக்கும். இரண்டுமே வாங்கும்போது இரண்டடி நீளக் குட்டி. நன்றாகத் தீனி போட்டால் ஒன்றிரண்டு வருடத்தில் ஏழெட்டு அடியைத் தொட்டுவிடும், அதற்கப்புறம் தனி ஆளாகத் தூக்கவே கூடாது, இரை போடும்போது பக்கத்தில் இன்னொருவர் கட்டாயம் நிற்க வேண்டும். சாதுவான பாம்பே ஆளைச் சுற்றிவிடுவது பெரும்பாலும் கோபத்தில் இல்லை, கையில் கோழி வாசனை இருந்ததால்தான். உதட்டு ஓரத்தில் இருக்கிற குழிகளால் அது உடல் சூட்டை உணர்கிறது. சூடாக, இரை வாசனையோடு ஒன்று எதிரே வந்தால் அது முயலா உங்கள் கையா என்று விசாரித்துக்கொண்டிருக்காது.

அப்புறம் புயல். இதை யூடியூபில் யாரும் சொல்வதில்லை, நம் ஊர்க்காரர்கள்தான் யோசிக்க வேண்டும். 1992ல் ஆண்ட்ரூ புயல் ஃப்ளோரிடாவை அடித்தபோது பாம்புப் பண்ணை ஒன்று இடிந்து பர்மீஸ் பாம்புகள் தப்பின. அதற்கு முன்னும் பின்னும், வளர்க்க முடியாமல் சதுப்பு நிலத்தில் கொண்டுபோய் விட்டவர்களும் உண்டு. இன்றைக்கு அங்கே முயல், ரக்கூன் எல்லாம் அருகிப்போய், அரசாங்கமே கூலி கொடுத்துப் பாம்பு பிடிக்க ஆள் வைத்திருக்கிறது. நமக்கு 2011 டிசம்பரில் 'தானே' புயல், 2024 நவம்பரில் 'ஃபெஞ்சல்'. கூரை பறந்து, தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கிற ராத்திரியில் பதினைந்து அடிப் பாம்பை எந்த உறவினர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவீர்கள்? ஊசுட்டேரிப் பக்கம் அது போய்ச் சேர்ந்தால் அப்புறம் அந்த ஏரிப் பறவைகளின் கதி என்ன?

பெரிய பாம்பைப் பார்க்க வேண்டும் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குப் பஸ் ஏறி கிண்டி பாம்புப் பண்ணைக்குப் போங்கள். வழியில் வடநெம்மேலியில் இறங்கினால் 1978ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்காரர்கள் விஷம் எடுப்பதையும் பார்க்கலாம். பாம்பை எப்படித் தொட வேண்டும் என்று அவர்கள் கையைப் பார்த்தாலே தெரியும்.

கேள்வி: பால் பைத்தான் (ball python) வைத்துக்கொள்ளலாம் என்கிறார்களே?
– முத்தியால்பேட்டை வாசகி

பதில்: அது ஆப்பிரிக்கப் பாம்பு, நாலைந்து அடிக்கு மேல் வளராது, பயந்தால் பந்தாகச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும். வைத்துக்கொள்ளலாம், ஆனால் 2024ல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு வேண்டும், கைமாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். விற்பவரிடம் பதிவு இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். பாங்காக்கிலிருந்து சூட்கேசில் திணித்து வந்து சென்னை விமான நிலையத்தில் பிடிபடுகிற கூட்டத்தில் அதுவும் ஒன்றாக இருந்திருக்கலாம். இன்னொன்று, திடீரென்று மாதக்கணக்கில் சாப்பிடாது. எனக்குத் தெரிந்த ஒருவர் நாலு மாதம் தூக்கமில்லாமல் வாரா வாரம் தராசில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார், எடை குறையவில்லை, ஐந்தாவது மாதம் அதுவே எலியைத் தின்றது. 25, 30 வருடம் இருக்கும். பெண் பார்க்க, மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்களிடம் அதையும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கரும்பு வெட்டும்போது ஒன்றரை அடி மலைப்பாம்புக் குட்டி கிடைத்தது. பெயின்ட் பக்கெட்டில் போட்டு வைத்திருக்கிறேன், படம் அனுப்பியுள்ளேன். என்ன தீனி போடலாம்?
– நெல்லிக்குப்பம் வாசகர்

பதில்: இதற்கு இதழ் வரும்வரை காத்திருக்க முடியாமல் படம் வந்த அன்றைக்கே அவருக்குப் போன் செய்துவிட்டோம். மற்றவர்களுக்காக எழுதுகிறேன். மலைப்பாம்பின் முதுகில் இருக்கும் திட்டுகள் ஒழுங்கில்லாமல், மேப் மாதிரி இருக்கும். படத்தில் இருந்தது சங்கிலி கோத்த மாதிரி வரிசையாக, கறுப்புக் கரை போட்ட முட்டை வடிவப் புள்ளிகள். கண்ணாடி விரியன். குக்கர் விசில் மாதிரி சீறுகிறதா என்று கேட்டதற்கு 'ஆமாங்க, அதனாலதான் மூடி போட்டு மேல செங்கல் வச்சிருக்கேன்' என்றார். செங்கல்லை எடுக்காதீர்கள், பிள்ளைகளை உள்ளே அனுப்புங்கள், தீயணைப்பு நிலையத்துக்கு 101ல் கூப்பிடுங்கள் என்றோம். சாயங்காலம் வந்து பக்கெட்டோடு எடுத்துப் போனார்களாம்.