சிலிண்டரில் 50, திரையில் 57: அகச்சிவப்பு கேஸ் டிடெக்டர் கேள்வி பதில்

வட சென்னைத் தொழிற்சாலைகளில் பல ஆண்டுகளாகக் கருவிப் பராமரிப்பில் இருப்பவன் என்ற முறையில், எரியும் வாயுக்களைக் கண்டறியும் அகச்சிவப்பு டிடெக்டர்களின் காலிப்ரேஷன் (அளவு தெரிந்த வாயுவைச் செலுத்தி அளவீட்டைச் சரிசெய்வது) குறித்து வந்த கேள்விகளுக்கு விடையளிக்கிறேன்.

கேள்வி (மணலி): ஐயா, எங்களிடம் இருந்த 50 சதவீத எல்.இ.எல். மீத்தேன் சிலிண்டரைப் புது டிடெக்டரில் செலுத்தினால் திரையில் 57 வருகிறது. 50-க்குக் குறைத்துவிடலாமா?

பதில்: குறைக்க வேண்டாம். முதலில் சிலிண்டரின் சான்றிதழை எடுத்து, மீத்தேன் கன அளவில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். அது 2.5 என்றால் உங்கள் கருவியும் சரி, சிலிண்டரும் சரி. இரண்டும் பேசும் கணக்குதான் வேறு. காற்றில் ஒரு வாயு தீப்பற்றத் தேவையான மிகக் குறைந்த செறிவே எல்.இ.எல். மீத்தேனுக்கு அதை 5 சதவீதமாகக் கொள்வது பழைய வழக்கம், ஐ.இ.சி. எனும் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரநிலையோ 4.4 என்கிறது. 2.5-ஐ 4.4-ஆல் வகுத்தால் 56.8 வரும், கருவி காட்டுவதும் அதைத்தான். புரொப்பேனிலும் இதே சிக்கல் உண்டு: பழைய வழக்கில் 2.1, ஐ.இ.சி.யில் 1.7.

இதை அறியாமல் ஸ்பானை, அதாவது வாயு செலுத்தும்போது காட்டும் எண்ணைத் திருத்தும் அமைப்பை, திருகி 50-க்குக் கொண்டுவந்தால், அன்று முதல் அந்தக் கருவி எப்போதும் குறைத்தே காட்டும். 20-இல் ஒலிக்க வேண்டிய அலாரம் ஏறத்தாழ 23-இல்தான் ஒலிக்கும். கருவியின் அமைப்பில் எந்த எல்.இ.எல். மதிப்பு பதிவாகியுள்ளது என்று பார்த்து, சிலிண்டரின் கன அளவுச் சதவீதத்தை அதனால் வகுத்து, அந்த எண்ணையே காலிப்ரேஷன் மதிப்பாகக் கொடுங்கள். சிலிண்டரின் மேல் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கும் ‘50 சதவீதம்’ என்ற சீட்டை நான் நம்புவதில்லை.

கேள்வி (எண்ணூர்): வாயுவே இல்லாதபோதும் விடியற்காலையில் 3, 4 என்று காட்டுகிறது, வெயில் ஏறியதும் சரியாகிவிடுகிறது. தினமும் ஜீரோ செய்யலாமா?

பதில்: வெயில் ஏறியதும் சரியாகும் கோளாறை ஜீரோ பொத்தானால் திருத்தக் கூடாது. ஹைட்ரோகார்பன்கள் ஏறத்தாழ 3.3 முதல் 3.4 மைக்ரான் வரையிலான ஒளியை உறிஞ்சுகின்றன. அவை தொடாத வேறோர் அலைநீளத்தை, பெரும்பாலும் 4 மைக்ரானுக்கு அருகில், கருவி ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்கிறது. கண்ணாடியில் படியும் அழுக்கு இரண்டு ஒளியையும் ஒரே அளவில் மங்கச் செய்தால் விகிதம் மாறாது. ஆனால் கடற்காற்றின் ஈரமும் உப்பும் படலமாகப் படியும்போது இரண்டும் சமமாக மங்குவதில்லை. எனவே கண்ணாடியைச் சூடாக வைத்திருக்கும் ஹீட்டர் வேலை செய்கிறதா என்று முதலில் சோதியுங்கள். பிறகு மழை மறைப்பைக் கழற்றி, உற்பத்தியாளரின் கையேடு சொல்லும் முறையில் துடையுங்கள்.

துடைப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்த கையோடு திரையைப் பார்த்தால் எண் சரசரவென ஏறும், ஏனெனில் அந்த ஆவியையும் கருவி வாயுவாகவே பார்க்கிறது. அது முழுவதும் பறந்து, எண் அசையாமல் நின்ற பின்னரே, சுத்தமான காற்றைச் சிலிண்டரிலிருந்து செலுத்தி ஜீரோ செய்ய வேண்டும்.

கேள்வி (அம்பத்தூர்): பேட்டரி சார்ஜிங் அறையில் ஹைட்ரஜனுக்காக இதை மாட்டியிருக்கிறோம். எந்த வாயுவால் காலிப்ரேஷன் செய்வது?

பதில்: எந்த வாயுவாலும் பயனில்லை. ஹைட்ரஜன் மூலக்கூறு இந்த ஒளியை உறிஞ்சுவதே இல்லை; அறை முழுக்க ஹைட்ரஜன் நிறைந்தாலும் திரையில் பூஜ்யம்தான் நிற்கும். ஹைட்ரஜனுக்குச் சான்று பெற்ற, வாயுவைச் சென்சாரில் எரித்து அளக்கும் வினையூக்கி வகை டிடெக்டரை உடனே மாட்டுங்கள்.

கேள்வி (கிண்டி): கேன்டீன் சமையலறையில் எல்.பி.ஜி. பயன்படுத்துகிறோம், டிடெக்டரோ மீத்தேன் அமைப்பில் இருக்கிறது. ஒரு பெருக்கல் எண்ணை வைத்துச் சமாளிக்கலாமா?

பதில்: கூடாது. செறிவு கூடும்போது உறிஞ்சல் நேர்கோட்டில் கூடுவதில்லை, அந்த வளைவும் வாயுவுக்கு வாயு மாறும்; 20-இல் பொருந்தும் பெருக்கல் எண் 60-இல் பொருந்தாது. கருவியில் வாயு வகையை மாற்றிவிட்டு, புரொப்பேனால் காலிப்ரேஷன் செய்யுங்கள். டிடெக்டர் கூரையருகே இருந்தால் தரையருகே இறக்கிவிடுங்கள், ஏனெனில் எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது.

கேள்வி (ஒரகடம்): நைட்ரஜனில் கலந்த மீத்தேன் சிலிண்டர் சரிப்படுமா?

பதில்: அகச்சிவப்புக்குச் சரிப்படும். வினையூக்கி வகைக்கு ஆக்சிஜன் தேவை என்பதால் அதற்கு ஆகாது.

கேள்வி (திருவொற்றியூர்): சிகரெட் லைட்டரைக் காட்டிச் சோதிக்கிறார்களே, சரியா?

பதில்: தவறு. எவ்வளவு வாயு போனது என்று தெரியாத சோதனை எதையும் நிரூபிக்காது. பக்கத்தில் வினையூக்கி டிடெக்டர் இருந்தால் அதன் சென்சாரும் பாழாகலாம்.

கேள்வி (மணலி புதுநகர்): காலிப்ரேஷன் முடிந்ததும் கட்டாயம் பார்க்க வேண்டியது என்ன?

பதில்: கட்டுப்பாட்டு அறையில் முடக்கி வைத்த அலாரத்தை மீண்டும் இயக்குவதும், டிடெக்டரின் சிக்னல் பூஜ்யத்தைக் குறிக்கும் 4 மில்லிஆம்பியருக்கு இறங்கிவிட்டதா என்று அங்கே கேட்டு உறுதி செய்வதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். மறந்துபோவது, வாயு செலுத்துவதற்காக டிடெக்டர் முகத்தில் மாட்டும் பிளாஸ்டிக் மூடி. பணியில் சேர்ந்த புதிதில் ஒரு பம்ப் அறையில் அதைக் கழற்றாமலே வந்துவிட்டேன். மறுநாள் காலை மேற்பார்வையாளர் அதைக் கழற்றி என் மேசையில் வைத்தார். இரவு முழுவதும் அந்த டிடெக்டர் எந்தப் பழுதும் காட்டாமல் பூஜ்யத்திலேயே இருந்திருக்கிறது.